பொருளை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்



இம்முறை தொழிற்பாடத்தில் நெல்லையும் கால்நடையையும் சற்று ஒதுக்கிவைத்து வாகனத்திற்கு வருகின்றோம். ‘பாதருக்கு வாகனத்தில் என்ன வேலை’ என்று சிலர் கேட்கக்கூடும். குருமடத்தில் எமக்குத் தத்துவம் கற்பித்தார்கள், மல்ரிமீற்றர் பிடிக்கக் கற்பிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் 1990இல் வயலை விட்டு வந்தவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்கள், காணி வழக்கு முடியும்வரை காத்திருப்பவர்கள் எனக் கல்முனை முதல் பொத்துவில் வரை நாம் சந்திக்கும் குடும்பங்களிற் பல, இன்று ஏர் பிடிப்பதில்லை. ஒரு சிறிய வானோ, லொறியோதான் அவர்களுக்கு வயலாகிவிட்டது. அந்த வயல் ஒரு கிழமை தரிசாகக் கிடந்தால் அடுப்பும் எரியாது, லீசிங் பணமும் கட்டுப்படாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் டொலர் இல்லாத நெருக்கடியும் வந்தது. ஆதலால் எம்மிடையே ஓடுபவை பெரும்பாலும் வயது சென்ற ஜப்பானிய வாகனங்கள். அவற்றின் எஞ்சின் இன்னும் உறுதியாக இருக்கிறது. வயர்களும் பிளக்குகளும் அப்படி இல்லை. இந்தப் பாடம் அந்த வயர்களைப் பற்றியது.

சாய்ந்தமருதுக் குடும்பத்தின் வான்

சாய்ந்தமருதில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம். மேற்கே நாலு ஏக்கர் வயல் வைத்திருந்தவர்கள், இப்போது அது அவர்கள் கையில் இல்லை. மூத்த மகன் பழைய பெற்றோல் வானொன்றை வாங்கி, விடியற்காலையில் மீன்பெட்டிகளை அம்பாறைப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது மரக்கறி ஏற்றி வருவார். ஒரு நாள் காரைதீவுச் சந்தியைத் தாண்டும்போது எஞ்சின் விளக்கு எரிந்தது. வான் நிற்கவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது.

“பாதர், அமத்தி மிதிச்சாலும் வேகம் எடுக்குதில்ல. ஓவ் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடுது. பொறகு ரெண்டு நாள் கழிச்சு அதே வேல” என்று பையன் எம்மிடம் சொன்னார்.

கராஜ் ஒன்றில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். ‘திரொட்டில்’ என்ற சொல் திரையில் வந்தது. திரொட்டில் பொடியை முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட விலையைக் கொடுக்க உம்மா தனது காப்பை அடகு வைப்பதற்கு ஆயத்தமாகிவிட்டார். “காக்கா, ரெண்டு நாள் பொறுங்கள்” என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டு, எமது நிலையத்தில் மோட்டார் தொழில் கற்பிக்கும் ஆசிரியரை அழைத்துச் சென்றோம். அந்த இரண்டு நாளில் நாம் கற்றதையே இங்கு எழுதுகின்றோம்.

மதகும் வட்டைவிதானையும்

முன்னைய வாகனங்களில் அக்சிலேற்றர் மிதியிலிருந்து எஞ்சினுக்கு ஓர் இரும்புக் கேபிள் போகும். காலால் மிதித்தால் கேபிள் இழுபடும், எஞ்சினின் வாயிலுள்ள வட்டமான கதவு திறக்கும், காற்று உள்ளே போகும். அந்தக் கதவுதான் திரொட்டில். வாய்க்காலின் மதகைப் போன்றது. தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை அளந்து விடுகிறது. கேபிள் அறுந்தால் கண்ணாலேயே காணலாம்.

புதிய வாகனங்களில் கேபிள் இல்லை. மிதியின் அடியில் ஒரு சென்சர் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை அது மின்னழுத்தமாக மாற்றிக் கம்பியூட்டர் பெட்டிக்கு அனுப்புகிறது. பெட்டி அதைப் படித்து, திரொட்டில் பொடியிலுள்ள சிறிய மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துக் கதவைத் திறக்கிறது. கதவு உண்மையில் எவ்வளவு திறந்தது என்பதைத் திரொட்டில் பொடியிலுள்ள இன்னொரு சென்சர் திருப்பிச் சொல்கிறது. ஆக, உங்கள் காலுக்கும் கதவுக்கும் இடையில் இருப்பது வயர் மட்டுமே.

இப்படியான அமைப்பில் ஒரு சென்சர் பொய் சொன்னால் என்ன ஆகும்? நீங்கள் காலை எடுத்த பின்னும் வாகனம் பாயலாம். அதைத் தடுக்கவே ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டு சென்சர்களை வைத்திருக்கிறார்கள். கல்லோயாத் தண்ணீர் வரும் நாளில் மதகடியில் இரண்டு பேர் நின்று தண்ணீர் மட்டத்தைத் தனித்தனியே பார்த்து வட்டைவிதானையிடம் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் சொல்லும் பொருந்தினால் விதானை மதகைத் திறப்பார். ஒருவர் ஒரு முழம் என்றும் மற்றவர் மூன்று முழம் என்றும் சொன்னால், யார் சரி என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். மதகை இறக்கிவிட்டு ஆள் அனுப்புவார். கம்பியூட்டர் பெட்டி செய்வதும் இதுவே. இரண்டு சொல்லும் பொருந்தாதபோது மோட்டாருக்கான மின்சாரத்தை நிறுத்துகிறது, அல்லது மிதியே மிதிக்கப்படாததுபோல் நடந்துகொள்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லாதபோது ஒரு ஸ்பிரிங் கதவைச் சிறிதளவு திறந்த நிலையில் வைத்திருக்கும். வாகனம் தவழ்ந்து ஓரத்திற்கு வருவதற்கு அந்த இடைவெளி போதும்.

காரைதீவுச் சந்தியில் அந்த வான் தவழ்ந்தது பழுதினால் என்பதைவிட, பழுதைக் கண்டு பெட்டி எடுத்த முன்னெச்சரிக்கையினால் என்பதே பொருத்தம். சாவியை அணைத்துப் போட்டதும் ஓடியதற்குக் காரணம், அந்த நேரத்தில் இரண்டு சொல்லும் மீண்டும் பொருந்திவிட்டன. இப்படி வந்து வந்து போகும் பழுது, பெரும்பாலும் ஆடும் தொடுப்பொன்றைக் காட்டுகிறது. தேய்ந்துபோன பாகம் அப்படி அடிக்கடி குணமாவதில்லை.

ஸ்கேனர் சொன்னது என்ன, சொல்லாதது என்ன

இங்கேதான் காப்பு அடகுக்குப் போகவிருந்தது, ஆதலால் சற்று மெதுவாகச் செல்வோம்.

ஸ்கேனர் காட்டும் கோட் இலக்கம் எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. எந்தச் சுற்றில் பிணக்கு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஒரு சுற்றில் சென்சர், அதற்குப் போகும் வயர்கள், பிளக், எர்த், பெட்டி எல்லாம் அடங்கும்.

பி 2135 என்று ஓர் இலக்கம் உண்டு. பி 2138 என்று இன்னொன்று உண்டு. இரண்டுக்கும் ஸ்கேனரில் வரும் பெயர் ஏறக்குறைய ஒன்றே: ‘திரொட்டில் அல்லது மிதி நிலைச் சென்சர், மின்னழுத்தப் பொருத்தமின்மை’. வேறுபாடு கடைசியில் நிற்கும் எழுத்துகளில்தான். 2135இல் ‘ஏ, பி’ என்று வரும். இது திரொட்டில் பொடியிலுள்ள இரு சென்சர்கள். 2138இல் ‘டி, ஈ’ என்று வரும். இது காலடியில் உள்ள மிதியின் இரு சென்சர்கள். பெயரின் முதற் சொல்லை மட்டும் வாசித்தவர் இரண்டுக்கும் திரொட்டில் பொடியையே மாற்றச் சொல்வார். நாம் பார்த்தபோது அந்த வானில் இருந்தது பி 2138. கோளாறு எஞ்சினில் இல்லை, ஓட்டுநரின் காலடியில்!

கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்ல வரவில்லை. நாளொன்றுக்குப் பத்து வாகனம் பார்ப்பவர் எழுத்தைக் கவனிக்காமல் விடுவது இயல்பு. ஆனால் பணம் கொடுப்பவர் இலக்கத்தைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘திரொட்டில் பழுது’ என்பது இலக்கம் ஆகாது.

இன்னும் சில இலக்கங்கள் பயன்படும். பி 2122, பி 2127 இரண்டும் மிதிச் சென்சரின் ஒவ்வொரு பக்கத்திலும் மின்னழுத்தம் மிகக் குறைந்திருப்பதைக் காட்டும். பி 2123, பி 2128 மிகக் கூடியிருப்பதைக் காட்டும். பி 2111, பி 2112 வந்தால் கதவு திறந்தோ மூடியோ இறுகி நிற்கிறது. கரி படிந்ததா என்று முதலில் பார்க்கலாம். பி 2118 வந்தால் கதவு மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைச் சோதியுங்கள். டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் இதற்கென ‘ஈ.டி.சீ.எஸ்.’ என்று பெயர் எழுதிய 10 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கிறது. அது எரிந்து கிடந்தால், திரொட்டில் பொடியின் விலையில் ஒரு வண்டி பியூஸ் வாங்கலாம்.

இலக்கத்தை அழிக்குமுன் எழுதிவையுங்கள். பெற்றரியைக் கழற்றினால் பல வாகனங்களில் இலக்கம் அழிந்துவிடும். ‘பெற்றரியைக் கழற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது’ என்று மகிழ்பவர் தடயத்தை அழித்துவிட்டே மகிழ்கிறார்.

மீற்றரைக் கையில் எடுப்போம்

தேவையானவை ஒரு மல்ரிமீற்றர், இரண்டு மெல்லிய தையல் ஊசிகள், டோர்ச், ஓர் அப்பியாசக் கொப்பி. கடையில் உள்ள மலிவான டிஜிற்றல் மீற்றர் இந்த வேலைக்குப் போதும். பல்ப் கட்டிய சோதனை வயரால் சென்சர் வயர்களைத் தொடாதீர்கள். அந்தப் பல்ப் இழுக்கும் மின்சாரம் கம்பியூட்டர் பெட்டியைக் கெடுக்கக்கூடும்.

முதலில் பெற்றரி. எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ற் அளவில் நிற்க வேண்டும், ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில். பெற்றரி தளர்ந்தாலோ அதன் முனையில் வெள்ளை பூத்தாலோ கம்பியூட்டர் பெட்டி பல பொய் இலக்கங்களை எழுதும். இதைப் பாராமல் மேலே போகக் கூடாது.

அடுத்து கண்ணும் மூக்கும். பாயை எடுத்துவிட்டு மிதியின் அருகே பாருங்கள். பாய் மிதியில் சிக்குகிறதா? தரை ஈரமா? பிளக்கின் பூட்டு முறிந்திருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? நெல் ஏற்றும் வாகனத்தில் சிந்திய மணிகளுக்கு எலி வரும், வந்த எலி வயரின் உறையையும் சுவை பார்க்கும். பிந்திப் பூட்டிய ஹோர்ன், பாட்டுப் பெட்டி, எல்.ஈ.டி. விளக்கு முதலியவற்றுக்காக யாராவது சென்சர் வயரில் வெட்டி இணைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இப்படிப் பார்ப்பதிலேயே பழுது அகப்பட்டுவிடுவது உண்டு.

இப்போது அளவு. மிதிச் சென்சரின் பிளக்கில் பொதுவாக ஆறு வயர்கள் இருக்கும். ஒவ்வொரு சென்சருக்கும் மூன்று: பெட்டியிலிருந்து வரும் 5 வோல்ற், எர்த், பெட்டிக்குப் போகும் சமிக்ஞை. எது எது என்பதை வாகனத்தின் வயர்ப் படத்தில் பார்க்க வேண்டும், நிறத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றாமல், பின்புறத்தால் ஊசியை வயரோடு ஒட்டி உள்ளே விட்டு உலோகத்தைத் தொடுங்கள். உறையைக் குத்தித் துளைக்க வேண்டாம். இன்று நீங்கள் போடும் துளையால் நாளை உப்புக்காற்று உள்ளே போகும். சாவியை ‘ஒன்’ நிலையில் வையுங்கள், எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

மீற்றரின் கறுப்பு முனையைப் பெற்றரியின் கழித்தல் முனையில் வைத்து, 5 வோல்ற் வயரைத் தொடுங்கள். 4.5க்கும் 5.5க்கும் இடையில் வந்தால் சரி. வராவிட்டால் சென்சரைக் குற்றம் சொல்லாதீர்கள், அதற்குச் சோறே போகவில்லை. சில வாகனங்களில் இந்த 5 வோல்ற் வேறு சென்சர்களுக்கும் பொதுவானது. அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆகியிருந்தால் எல்லாமே பட்டினி கிடக்கும். அப்போது மற்றச் சென்சர்களின் பிளக்குகளை, சாவியை அணைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ற் திரும்புகிறதோ, பழுது அங்கே.

பின்பு எர்த். கறுப்பு முனை அதே இடத்தில் இருக்க, சிவப்பு முனையைச் சென்சரின் எர்த் வயரில் வையுங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது. அதற்கு மேற்பட்டால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பலர் தவறவிடும் சோதனை இதுதான்.

இறுதியாகச் சமிக்ஞை. டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் மிதியை விட்ட நிலையில் முதற் சென்சர் 0.5க்கும் 1.1க்கும் இடையிலும், இரண்டாவது 1.2க்கும் 2.0க்கும் இடையிலும் காட்டும். முழுதாக மிதித்தால் முதலாவது 2.6க்கும் 4.5க்கும் இடையில், இரண்டாவது 3.4க்கும் 5.0க்கும் இடையில். இரண்டுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 0.8 வோல்ற், மிதி எங்கே நின்றாலும் இந்தத் தூரம் பெரிதாக மாறக் கூடாது. வேறு கம்பனிகளின் வாகனங்களில் அளவுகள் வேறுபடும். சிலவற்றில் இரண்டாவது முதலாவதின் பாதியாக இருக்கும். முறை மட்டும் ஒன்றே: மிதியை மெதுமெதுவாக அமத்துங்கள், ஒருவர் மீற்றரைப் பார்க்கட்டும். எண் வழுவழுப்பாக ஏற வேண்டும். இடையில் குதித்தாலோ விழுந்தாலோ சென்சர் உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது தொடுப்பு ஆடுகிறது.

இவ்வளவும் செய்து, சாய்ந்தமருது வானில் எல்லாம் சரியாகவே இருந்தது! 0.8, 1.6, மிதித்தபோது 3.4, 4.2. பையனின் முகம் வாடிவிட்டது. ஆசிரியர் மட்டும் சிரித்தார். “தம்பி, பழுது இப்ப நித்திரை. எழுப்ப வேணும்” என்றார். மீற்றரை இரண்டாவது சமிக்ஞையில் வைத்தபடியே பிளக்கைப் பிடித்து மெல்ல ஆட்டினார். 1.6 என்று நின்ற எண், மிதியை யாரும் தொடாமலே 2.9க்குத் தாவியது. முதலாவது 0.8இலேயே நின்றது. உடனே சிவப்பு முனையை இரண்டாவது சென்சரின் எர்த்துக்கு மாற்றினார். ஆட்டும்போதெல்லாம் அங்கே ஒரு வோல்ற்றுக்கு மேல் வந்தது. எர்த் வழி அடைபட்டதால் சமிக்ஞை மேலே தூக்கப்பட்டிருக்கிறது. வடிகால் அடைத்தால் வயலில் தண்ணீர் ஏறுவதுபோலத்தான்.

சாவியை அணைத்து, பெற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றி, பிளக்கைத் திறந்தோம். ஐந்து ஊசிகள் பளபளப்பாக இருந்தன. ஒன்றில் பச்சைக் களிம்பு. செம்பு உப்புநீர் பட்டால் வரும் அதே பச்சை.

உப்பு எங்கிருந்து வந்தது?

ஓட்டுநரின் காலடியில் உப்புநீர் வருவதற்கு வழி என்ன என்று தகப்பனார் கேட்டார். பதிலும் அவரிடமே இருந்தது. மீன்பெட்டிகளில் ஐஸ் உருகி வழிகிறது. அந்த நீரில் மீனின் உப்பும் இரத்தமும் கலந்திருக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் தரையிலுள்ள நீர் முன்னால் ஓடிவந்து பாயின் கீழ் தங்குகிறது. மிதியின் பிளக்குக்குப் போகும் வயர்க் கட்டு அந்தப் பாயின் ஓரமாகவே போகிறது. செம்பு நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியால் நீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடுகிறது.

எமது கரையில் இதற்கு உப்புக்காற்றும் துணை. அதோடு வெள்ளம். மழைகாலத்தில் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஓடும்போது, ‘முழங்கால் அளவுதானே’ என்று வாகனத்தை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் எமது பகுதியில் எத்தனையோ வாகனங்கள் தண்ணீர் குடித்தன. எஞ்சினைக் காயவைத்து ஓட்டிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். பிளக்குகளுக்குள் போன நீர் மாதக்கணக்கில் வேலை செய்யும். வெள்ளத்தில் நின்ற வாகனமாயின் காலடிப் பிளக்குகளையும் தரையோரத்து எர்த் ஆணிகளையும் திறந்து, நல்ல நீர் தோய்ந்த துணியால் துடைத்து, முற்றாக உலர்த்தி, கொன்டக்ட் கிளீனர் அடித்துப் பூட்டுங்கள். இரண்டு மாதங்களில் மறுபடி ஒரு தடவை திறந்து பாருங்கள்.

லொறிகளின் பெட்டிக்கு வெல்டிங் செய்யும்போதும் கவனம் வேண்டும். பெற்றரியின் இரு முனைகளையும் கழற்றாமல் வெல்டிங் செய்தால், அந்த மின்சாரம் எர்த் வழியாகக் கம்பியூட்டர் பெட்டிக்குள் போகக்கூடும். அப்படிப் போனால் பழுது வயரில் நிற்காது.

நெல் மீசை அளவு தகரம்

உலகத்தின் பெரிய கம்பனிகளுக்கும் இப்பாடம் எளிதாக வரவில்லை. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் கார் நிறுத்த முடியாமல் ஓடி மோதியதில் நான்கு பேர் இறந்தனர். வேறொரு வாகனத்திற்கான தடித்த பாய் மிதியைச் சிக்கவைத்தது என்று கண்டார்கள். அதைத் தொடர்ந்து டொயோட்டா கம்பனி பல இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. சிலவற்றில் மிதியே சரியாக மேலெழும்பாமல் ஒட்டியது. ‘இல்லை, மின்னணுவியலில்தான் கோளாறு’ என்று மக்கள் சொன்னபோது, விண்வெளிக்கு ரொக்கற் அனுப்பும் நாசா நிறுவனத்தின் பொறியியலாளர்களிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. 2011 பெப்ரவரியில் அறிக்கை வந்தது. கதவை முழுதாகத் திறந்து அப்படி ஓட வைக்கக்கூடிய மின்னணுப் பழுது எதையும் தாம் காணவில்லை என்றார்கள். ஆயினும் முறைப்பாடு வந்த ஒரு காரின் மிதிச் சென்சருக்குள் அவர்கள் கண்டது வியப்பானது. தகரப் பூச்சிலிருந்து தானாக வளர்ந்த, மயிரைவிட மெல்லிய தகர இழை ஒன்று, நெல்லின் மீசைபோல் நீண்டு இரண்டு சமிக்ஞைகளையும் தொடுத்துவிட்டிருந்தது.

இரண்டு சாட்சிகளை ஏன் வைத்தார்கள் என்பதும், பாயை ஏன் முதலில் பார்க்கச் சொன்னோம் என்பதும் இப்போது விளங்கும். எஞ்சின் விளக்கு எரிகிறதே என்று ஒரு சமிக்ஞை வயரை மற்றதோடு முறுக்கி இணைக்கக் கூடாது. அது ஒரு சாட்சியின் வாயைப் பொத்தி மற்றவர் சொல்வதை இருமுறை எழுதுவதாகும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் வாகனத்தில் அதைச் செய்பவரை நாம் மன்னிக்கத் தயாரில்லை.

வீதியில் வேகம் எடுக்காமற் போனால் சிக்னலைப் போட்டு, தவழ்ந்தபடியே இடது ஓரத்துக்கு வாருங்கள். மிதியைப் பம்புபோல் அடிக்க வேண்டாம். எதிர்மாறாக, காலை எடுத்தும் வாகனம் பாய்ந்தால் பிரேக்கை ஒரே அழுத்தமாக மிதியுங்கள், கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், நின்ற பின் எஞ்சினை அணையுங்கள். ஓடும்போது சாவியை உருவி எடுத்தால் ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும்.

திருத்திய விதம்

களிம்பு பிடித்த ஊசியை அரத்தாளால் உரஞ்சப் பையன் கையை நீட்டினார். ஆசிரியர் தடுத்துவிட்டார். ஊசியின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே மறுபடி பச்சை பிடிக்கும். கிளீனரும் மென்மையான பற்தூரிகையுமே போதும். ஆனால் இங்கு ஊசியோடு முடியவில்லை. பின்னாலுள்ள வயரின் உறையைச் சிறிது சீவிப் பார்த்தபோது உள்ளே செம்பு கறுத்திருந்தது. கறுப்பு முடிந்து சிவப்புச் செம்பு தெரியும்வரை, மூன்று அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. பழைய வாகனம் உடைக்கும் இடத்தில் வாங்கிய அதே வகைப் பிளக்கிலிருந்து ஒரு ஊசியையும் சிறுதுண்டு வயரையும் எடுத்து, ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். முறுக்கி ரேப் சுற்றுவது எமது கரையில் ஒரு மழைக்குத் தாங்காது. பிளக்கின் இறப்பர் வளையத்தில் சிறிது சிலிக்கன் கிரீஸ் பூசினோம். வயர்க் கட்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டினோம்.

மறுபடி அளந்தோம். எர்த்தில் 0.02. ஆட்டியும் பார்த்தோம், அசையவில்லை. இலக்கத்தை அழித்துவிட்டு, சாவியைப் பத்து விநாடி ‘ஒன்’இல் வைத்து, மிதியைத் தொடாமல் எஞ்சினை ஓடவிட்டோம். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் வரை போய்த் திரும்பினோம். விளக்கு எரியவில்லை. திரொட்டில் பொடியை யாரும் தொடவே இல்லை.

திரொட்டில் பொடி உண்மையாகவே பழுதாவதும் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். பி 2135 வந்து, 5 வோல்ற்றும் எர்த்தும் சரியாக இருந்து, கதவு திறக்கும்போது ஒரு சமிக்ஞை மட்டும் இடையில் விழுந்தால், அதை மாற்றத்தான் வேண்டும். அப்படியாயின் அளவுகளை எழுதிய தாளைக் கொண்டுபோய், பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லி, மாற்றுங்கள். கரி துடைப்பதாயின் சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்பே கையை உள்ளே விடுங்கள். சாவி ‘ஒன்’இல் இருக்கும்போது அந்தக் கதவு திடீரென மூடினால் விரலைக் காயப்படுத்தும். துடைத்த பின் எஞ்சின் சில நாள் ஏறி இறங்கி ஓடினால், பெட்டி புதிய காற்றளவைக் கற்றுக்கொள்கிறது என்று பொருள். சில வாகனங்களில் ஸ்கேனரால் கற்பிக்கவும் வேண்டும்.

அந்தத் தகப்பனார் மறுநாளே தகரக் கடையில் ஒரு நீளமான தட்டு அடிப்பித்து, பின்பக்கம் ஓட்டை வைத்து, மீன்பெட்டிகளின் கீழ் போட்டுவிட்டார். ஐஸ்நீர் இப்போது வானின் பின்னால் வீதியில் சொட்டுகிறது. வீதியில் பின்னால் வருபவர்கள் அதை விரும்புகிறார்களோ தெரியாது. கொப்பியின் முதற் பக்கத்தில் பையன் எழுதிவைத்திருக்கிறார்: ‘விட்டால் 0.8, 1.6. மிதித்தால் 3.4, 4.2. எர்த் 0.02.’ அதன் கீழே உம்மாவின் கையெழுத்தில், அடுத்த லீசிங் தவணைக்குரிய திகதி.